மரம் மூச்சுவிடும் நேரம்

மாதிரிப் படகைத் தண்ணீரில் விடுவதற்கு முன் ரெசினுடன் ஒரு மல்லுக்கட்டு

கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும் பெங்களூருவில், அதிலும் காக்ஸ் டவுனில், படகைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். 1809இல் கண்டோன்மென்ட் உருவானதை ஒட்டித் தமிழர்கள் குடியேறிய வட்டாரத்தின் ஒரு பகுதி இது. அருகில் தண்ணீர் என்றால் அல்சூர் ஏரிதான். ஆனால் மரத்தில் மாதிரிப் படகு கட்டுகிறவருக்குக் கடல் எதற்கு? ஒரு தொட்டித் தண்ணீர் போதும், அவரது கைவேலையின் லட்சணத்தைச் சொல்லிவிட.

கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் கப்பலுக்கு வார்னிஷ் போதும். மிதக்கும் கப்பல் வேறு ஜாதி. என்.சி.சி. கடற்படைப் பிரிவின் அகில இந்திய நவ் சைனிக் முகாமில் நடக்கும் கப்பல் மாதிரிப் போட்டியிலும் ஓடும் மாதிரி தனி, காட்சி மாதிரி தனி. மாதக்கணக்கில் இழைத்து ஒட்டிய பலகைகள் நீரைக் குடித்து உப்பினால் இணைப்பு விட்டுப்போகும். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தே மூழ்கும்.

கடலோரத்தில் இதற்குப் பழைய வைத்தியம் உண்டு: கலப்பற்று. பலகை இடுக்கில் நாரைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார்கள். இன்று அந்த வேலையை எபாக்ஸி ரெசின் செய்கிறது. 1940களில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அரால்டைட் என்ற பெயரில் பிரபலமாக்கிய அதே குடும்பம். ஃபைபர் கிளாஸ் கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் விலை மலிவு. ஆனால் மரத்தை எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. நாற்றமும் வீட்டைத் தூக்கும்.

ஆரம்பக்காரர்கள் சறுக்குவது நேரத்தில். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, காயாத ரெசினைத் துளைத்து வெளியேறும். மாலையில் பார்த்தால் உடல் முழுக்க அம்மைத் தழும்பு. மரத்தை வெயிலில் சூடாக்கி, வெப்பம் இறங்கும் சாயங்காலத்தில் பூசினால் கதை தலைகீழ்: சுருங்கும் காற்று ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிசம்பர் இரவுக் குளிரில் மட்டும் எபாக்ஸி இறுகத் தாமதமாகும். அவசரப்பட்டு ஹார்டனரைக் கூட்டினால் பலன் இல்லை. விகிதம் தவறினால் அது ஒழுங்காக இறுகவே இறுகாது. கலந்ததைக் கோப்பையில் குவித்து வைத்தாலும் ஆபத்து. தானே சூடேறிப் புகையத் தொடங்கும். அகன்ற தட்டில் பரப்பிக்கொள்வது உத்தமம்.

இறுகிய பரப்பில் சில சமயம் மெழுகு போன்ற பிசுக்குப் படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அடுத்த பூச்சு உரிந்துவரும். பிறகு 120, 220, 400 என்று நைசான தாளுக்குப் போகலாம். தூசிக்கு முகமூடி, கைக்கு உறை கட்டாயம். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் ஆயுளுக்கும் விடாது. கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது அதைத் தோலுக்குள் அனுப்புகிற வேலை.

வெளிப்புறம் பளபளத்தால் போதும் என்று உட்புறத்தை விட்டுவிடுவது இன்னொரு தவறு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை உளுத்துப்போகச் செய்யும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தில் நிஜப் படகு கட்டியபோதுகூட, முதலில் மரத்துக்கு மருந்தேற்றிய பிறகே ஃபைபர் கிளாஸ் போர்த்தியது.

எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும் என்பதால் மேலே பெயின்ட்டோ, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை. படகுக்குள் டிஷ்யூ காகிதத்தை விரித்து ஒரு மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். காகிதத்தில் எங்காவது ஈரப் புள்ளி தெரிந்தால் மறுபடியும் உப்புத்தாள், மறுபடியும் சாயங்காலம்.