கூலிக்கேற்ற கூரை எங்கே?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மாளிகை வேண்டும் என்று அவர்கள் கூறவில்லை. மழைக்கு ஒழுகாத கூரையும், "நாளைக்கே காலி செய்" என்று எவரும் சொல்ல இயலாத உரிமையும் இருந்தால் போதும் என்றே கருதினர். ஆனால் கூரையைத் தேடுவதிலேயே நம் ஏழைக் குடும்பங்களின் காலமெல்லாம் கழிந்துவிடுகிறது. உரிமையைப் பற்றி எண்ண அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் விளையும் இழப்பைப் பற்றியே இங்கு வாசகர்களோடு பேச விரும்புகிறோம்.

2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் இராணிப்பேட்டையில் நிகழ்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். சிப்காட் வளாகத்தின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் ஆலைக்குள் அந்தச் சேறு பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். சுவர் ஏன் இடிந்தது என்பது ஒரு கேள்வி. அவர்கள் ஏன் அங்கே உறங்கினார்கள் என்பது மற்றொரு கேள்வி. உழைத்த இடத்திலேயே படுத்துறங்கினால் வாடகை மிச்சம் என்னும் நிலையில் வாழ்வோர் நம் பகுதியில் இன்றும் உள்ளனர் அல்லவா?

வாடகை வீடு

1970களில் பதனிடாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. அதன்பின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தனர். வேலை பெருகிய அளவுக்கு அவர்கள் குடியிருக்க வீடுகள் பெருகவில்லை. ஆகவே பலர் சுற்றுக் கிராமங்களிலேயே தங்கி, விடியற்காலையில் கம்பெனி வண்டியேறி வருகின்றனர். நகருக்குள் தங்குவோர், ஒரே முற்றத்தையும் ஒரே குழாயையும் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் ஓர் அறை பிடிக்கின்றனர்.

வாடகை குறைவு என்பதற்காக மட்டும் வீடு பிடிப்பது சில வேளைகளில் நட்டத்தில் முடியும். தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதை 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பில் விரிவாக எடுத்துரைத்தது. ஆகவே இங்கு வீடு பார்ப்பவர் முதலில் நீரைப் பார்க்கவேண்டும். எடுத்துக்காட்டாக, நல்ல நீர் வராத வீட்டில் நாளொன்றுக்கு முப்பது ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கினால் மாதம் 900 ரூபாய் ஆகிறது. வாடகையில் 500 ரூபாய் குறைந்ததென்று மகிழ்வதில் என்ன பயன்? அதுபோலவே மின்சாரமும். வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற சலுகை 2016இல் வந்தது. பல குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் உள்ள வரிசை வீட்டில் அச்சலுகை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே கிட்டுவதில்லை. தனி மீட்டர் உண்டா என்று முன்கூட்டியே கேட்பது நலம்.

போக்கியம் லாபமா?

மாதா மாதம் வாடகை கொடுப்பதிலிருந்து தப்ப நம் பகுதி மக்கள் நாடும் வழி போக்கியம். ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவது இதன் முறை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பெருந்தொகை எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்ததே அதன் நன்மை.

ஒரு கணக்குப் பார்ப்போம். வாடகை 3,000 ரூபாய் பெறும் வீட்டை இரண்டு லட்சம் ரூபாய்க்குப் போக்கியமாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் நம் சொந்தச் சேமிப்பானால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் வாடகை மிச்சமாகிறது. நகையை வங்கியில் அடகுவைத்து, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டியில் வாங்கினால், வட்டி 20,000 ரூபாய். அப்போதும் வாடகையைவிடக் குறைவே. ஆனால் தனியாரிடம் இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு, வாங்கினாலோ மாத வட்டி மட்டும் 4,000 ரூபாய்! வாடகைக்கு அஞ்சியவர் வாடகையைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். அசலோ அப்படியே நிற்கிறது. கைப்பணம் இன்றிப் போக்கியத்தில் இறங்குவோர் இக்கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

எழுத்தில் இல்லாத உறுதி

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு லட்சத்தை எண்ணிக் கொடுக்கும் குடும்பம், பல வேளைகளில் ஒரு முத்திரைத்தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடுகிறது. "தெரிந்தவர்தாமே, நம்பிக்கைதானே" என்பது அதற்குக் காரணம். ஆனால் சட்டம் கூறுவது யாது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறும் சுவாதீன அடமானம் இரு சாட்சிகளின் கையொப்பத்துடன் பத்திரமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். முறையாகப் பதிவு செய்தவர், தம் பணம் திரும்பும்வரை அவ்வீட்டில் இருக்கும் உரிமை பெறுகிறார்.

பணம் கொடுக்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றுப் பார்ப்பது இன்றியமையாதது. வீட்டின் மூலப் பத்திரத்தையும் கண்ணால் காணவேண்டும். அது வங்கியில் இருக்கலாம். வங்கிக்கு முன்பே ஈடுவைத்த வீடானால் வங்கிக்கே முதல் உரிமை. கடன் தவணை தவறினால் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட முடியும். அந்நாளில், இருபது ஆண்டுகள் தோல் ஷாப்பில் நின்று சேர்த்த பணத்தைப் போக்கியமாகக் கொடுத்தவர் வீதியில் நிற்க நேரும். பதிவுச் செலவுக்கு அஞ்சி முதலையே இழக்கலாமோ?

வாடகைக்கு இருப்போருக்கும் பாதுகாப்பு உண்டு. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22இல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லையெனில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. கொடுத்த வாடகைக்கு ரசீது கேட்கலாம். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது குற்றம்.

வீடே தொழிற்கூடம்

காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள் பலர் தொழிற்சாலைக்குச் செல்வதில்லை. வேலையே அவர்கள் வீட்டுக்கு வருகிறது. அவர்கள் தைப்பதோ, ஜோடிக்கு இவ்வளவு என்னும் கூலிக்கு. வைப்பு நிதி போன்ற உரிமைகள் அவர்களுக்கு எட்டுவது அரிது. இவர்களுக்கு வீடு என்பது உறங்குமிடம் மட்டுமன்று. வெளிச்சமற்ற ஓர் அறையில் அடுப்பும், பிள்ளைகளின் புத்தகங்களும், தைக்கவேண்டிய தோலும் ஒன்றாகக் கிடக்கின்றன. வீடு மாறினால் வேலை கொண்டுவரும் இடைத்தரகரின் வழியும் அற்றுப்போகலாம். திடீரெனக் காலி செய்யச் சொல்வது அத்தகைய தாய்க்குக் கூரையோடு கூலியையும் பறிப்பதாகும்.

அரசின் உதவியும் நம் கடமையும்

2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டமும், 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டமும் கிராமத்துக் குடிசைவாசிகளுக்காக வந்தவை. பின்னதில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடிப்படை, சொந்த மனை. ஆகவே கிராமத்தில் குடிசை உள்ளோர் முதலில் செய்யவேண்டியது, மனைக்குப் பட்டா உண்டா எனப் பார்ப்பதும், இல்லையேல் வட்டாட்சியரிடம் மனுச் செய்வதுமே. நகரத்து வாடகைக் குடித்தனக்காரர் இத்திட்டங்களின் கண்ணில் படுவதில்லை.

அவர்கள் நம் கண்ணிலாவது பட வேண்டாமா? வீடற்றோருக்கான உலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை 1987ஐ அறிவித்ததையொட்டி, உரோமையின் நீதி அமைதிப் பணிக்குழு ஓர் ஏட்டை வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய் என்பதே அதன் தலைப்பு. அக்கேள்வி அரசுகளை மட்டும் நோக்கியதன்று.

நம் பங்குகளில் வாடகைக்கு இருப்போரும் உள்ளனர். வாடகைக்கு விடுவோரும் உள்ளனர். வாடகைக்கு விடுவோர் சாதியையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கேளாமல் வீடு கொடுக்கலாம், ரசீது தரலாம், காலி செய்யச் சொல்லுமுன் போதிய அவகாசம் தரலாம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர், வில்லங்கச் சான்று எடுக்கவும் பத்திரத்தைப் படித்துச் சொல்லவும் அண்டை வீட்டாருக்குத் துணை நிற்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையார், இரண்டு வட்டிக்குப் போகவிருக்கும் ஒரு குடும்பத்தை முன்கூட்டியே கண்டு தடுத்தால், அதுவும் ஒரு வீடு கட்டிக் கொடுத்ததற்கு நிகராகும்.

ஞாயிறு பூசை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, "எங்கே குடியிருக்கிறீர்கள்? பத்திரம் எழுதியாயிற்றா?" என்று ஒரு குடும்பத்தையாவது கேட்டுப் பார்ப்போம்.