ஒரு காருக்கு எத்தனை வயது?

ஐந்து வருடம் ஓடிய பிஎம்டபிள்யூ 320டி ஒன்று, புதிதாக விற்ற விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைத்துவிடும். செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா சிட்டியில் 2007 முதல் இந்த 3 சீரிஸ் வண்டிகளைப் பூட்டி அனுப்புகிறார்கள். வாங்கிய வாரமே இரண்டு கேள்விகள் வந்து நிற்கும். சர்வீஸைக் கம்பெனியில் விடுவதா, வெளி ஒர்க்‌ஷாப்பிலா? முடியப்போகும் வாரண்டியைப் பணம் கட்டி நீட்டிப்பதா, வேண்டாமா? கார் பாதி விலைக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் கியர் பாக்ஸ் பாதி விலைக்கு வந்துவிடாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

விடை தேட முதலில் காரையே விசாரிக்கலாம். அது நிறையவே ஞாபகம் வைத்திருக்கும். பல பிஎம்டபிள்யூ மாடல்களில் சாவிக்குள்ளேயே ஒரு சிறு நினைவகம் உண்டு. வண்டியின் அடையாள எண், ஓடிய கிலோமீட்டர், அடுத்து எந்த சர்வீஸ் எப்போது என்பதெல்லாம் அதில் பதிந்துகொண்டே வரும். சர்வீஸ் சென்டரில் சாவியை ஒரு சிறு கருவியில் வைத்தால் போதும், காரைத் தொடாமலே விவரம் திரையில் வரும்.

ஓடிய தூரமும் டாஷ்போர்டில் மட்டும் இருப்பதில்லை. ஒரு சொகுசுக் காரில் பல டஜன் கட்டுப்பாட்டுக் கணினிகள் உண்டு. அவற்றில் சில, தூரத்தைத் தங்கள் பங்குக்குத் தனியாகக் குறித்து வைக்கின்றன. மீட்டரைத் திருத்தியவர் ஒன்றை மறந்திருந்தால் ஸ்கேனரில் கணக்கு இடிக்கும். விற்பதற்கு முன் எச்சரிக்கை விளக்கை அணைக்க, கோளாறுக் குறியீடுகளை அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் இஞ்சின் கணினி குறித்துக்கொள்ளும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஸ்கேனரே அந்த எண்ணைக் காட்டிவிடும். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது வெறும் 12 என்றிருந்தால், விற்பவரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது.

ஆனால் கிலோமீட்டர் மட்டுமே வயதைச் சொல்லிவிடாது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று சென்னை நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்தது. அதன் இஞ்சின் 500 மணி நேரம் உழைத்திருக்கிறது. இன்னொன்று நெடுஞ்சாலையில் 80-ல் போனது. அதற்கு 125 மணி நேரம்தான். மீட்டரில் இரண்டும் ஒன்று, உழைப்பில் நாலு மடங்கு வித்தியாசம். நிமிடத்துக்குச் சராசரி 1,500 சுற்று என்று கொண்டால், அந்த 500 மணி நேரத்தில் இஞ்சின் 4.5 கோடி முறை சுழன்றிருக்கும். நான்கு சிலிண்டர்களிலுமாக 9 கோடி முறை டீசல் பற்றி எரிந்திருக்கும். இத்தனையையும் தாங்கியது சுமார் ஐந்து லிட்டர் ஆயில்.

அந்த ஆயில் லேசுப்பட்டதில்லை. குளிர்ந்திருக்கும்போது எளிதாக ஓட வேண்டும், சூடானபின் நீர்த்துப்போகவும் கூடாது. அதற்காக அதில் நீளமான சங்கிலி மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். குளிரில் இவை சுருண்டு கிடக்கும். சூடேறும்போது விரிந்து ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது ஓட மறுக்கும் குணத்தை, அதிகம் குறையவிடாமல் பிடித்துக்கொள்ளும். எரிப்பில் உண்டாகும் அமிலத்தை முறிக்கக் காரப்பொருளும் கலந்திருக்கும். நாளடைவில் சங்கிலிகள் அறுபடும், காரமும் தீரும். கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு நிறம் இதில் எதையுமே சொல்லாது. அதனால் கார் நாள்காட்டியை மட்டும் நம்புவதில்லை. எரித்த எரிபொருள், ஓடிய தூரம், கழிந்த காலம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஆயில் மாற்றும் நாளைத் தானே முடிவு செய்கிறது. நிலையைப் பார்த்துச் செய்யும் சர்வீஸ் இது. 1980களின் தொடக்கத்திலேயே பிஎம்டபிள்யூ டாஷ்போர்டில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து சர்வீஸ் நெருங்குவதைச் சொல்லின.

பிரேக் ஆயிலின் வயது வேறு வகை. வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் அது கெடும். மழைக்காலத்தில் மூடாத உப்பு ஜாடியைப் போல, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அதே தரம் 155 டிகிரி வரைதான் உத்தரவாதம் தருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கும்போது இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதி அந்தக் குமிழியைத்தான் அமுக்கும், சக்கரத்தை அல்ல. வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

கியர் பாக்ஸுக்கு வந்தால் கதை சுவாரசியமாகிறது. 320டி-யின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்வது பிஎம்டபிள்யூ அல்ல, இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம். 2009-ல் வந்த வடிவமைப்பு. நடுவே ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்று அமைந்த நான்கு ‘கோள் சக்கரத் தொகுதி’கள் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்கவும் விடவும் ஐந்தே ஐந்து பிடிப்பான்கள். எந்த கியரிலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். அடுத்த கியருக்குப் போக ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் போதும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஐந்து பிடிப்பான்களிலிருந்து எட்டு முன்கியர்களையும் ஒரு ரிவர்ஸையும் பிழிந்தெடுத்த சிக்கனம் இது. காகிதத்தில் வரைந்து பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும்.

இங்கே ஆயிலுக்கு ஒரே சமயத்தில் பல வேலை. வழுக்க வேண்டும், குளிர்விக்க வேண்டும், அழுத்தத்தைக் கடத்திப் பிடிப்பான்களை மூட வேண்டும், அவை மூடும்போது சரியான அளவு உராயவும் விடவேண்டும். கார் கம்பெனிகள் பல காலமாக இதை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில் என்று சொல்லிவந்தன. கியர் பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. இது முரண்பாடு போலத் தெரியும். ஆனால் யாருடைய ஆயுள் என்று கேட்டால் பாதி புரிந்துவிடும். முதல் சொந்தக்காரர் வைத்திருக்கும் காலம் வேறு, நீங்கள் வைத்திருக்கப்போகும் காலம் வேறு. நான் இசட்எஃப் பக்கம். வடிகட்டி பிளாஸ்டிக் ஆயில் பேனுடனே சேர்த்து வார்க்கப்பட்டிருப்பதால், முழுப் பேனையும் மாற்ற வேண்டும். ஆயில் மட்டத்தை அளப்பதும் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான். சென்னையின் மே மாதத்தில் மெக்கானிக் அதற்கு விடியற்காலையில் வருவது நல்லது.

இதற்கெல்லாம் வெளி ஒர்க்‌ஷாப் போதாதா? நல்ல ஒர்க்‌ஷாப் போதும். பார்க்கவேண்டியது பில்லில் உள்ள ஒரு வரியைத்தான். டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. நுண்துளைச் சுவர்கள் கொண்ட பீங்கான் உருளை அது. சேர்ந்த கரியை ஏறத்தாழ 600 டிகிரியில் கார் தானே எரித்துவிடும். ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து உண்டாகும் சாம்பலை மட்டும் அப்படி எரிக்க முடியாது, தங்கிவிடும். அதனால்தான் லாங்லைஃப்-04 போன்ற குறைந்த சாம்பல் தரத்தைக் கேட்கிறார்கள். ‘இஞ்சின் ஆயில் 5 லிட்டர்’ என்று மட்டும் எழுதிய பில் நாளைக்கு வாரண்டி கேட்கும்போது கைகொடுக்காது. ஆயிலின் தரக் குறியீடு, கிலோமீட்டர், தேதி மூன்றும் அதில் இருக்கவேண்டும்.

வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்ற பயத்துக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு பதில் சொன்னது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் உட்பட 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான அந்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. தவறான பழுதுபார்ப்பால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டும் மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ், முடிந்தபின் வெளியே என்று பலர் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பணம் கூட ஆகும், வாக்குவாதம் குறையும்.

நீட்டிப்பு வாரண்டி வாங்குவதா என்பதில் ஒரு நோபல் பரிசே ஒளிந்திருக்கிறது. 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் மட்டமானவையே மிஞ்சும். இதற்கான மருந்துகளில் ஒன்றாக அவர் உத்தரவாதத்தைக் குறிப்பிட்டார். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாரண்டி விற்பவருக்கும் இதே பயம் தலைகீழாக உண்டு. சந்தேகமான வண்டி வைத்திருப்பவர்தான் ஓடிவந்து வாரண்டி வாங்குவார். முன்கூட்டிய பரிசோதனை, வயது வரம்பு, கிலோமீட்டர் வரம்பு எல்லாம் அதற்காகத்தான்.

கியர் பாக்ஸ் போனால் ஆறு லட்சம், போக இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அந்த ஆபத்தின் மதிப்பு 30,000 ரூபாய். வாரண்டிக்கு இதைவிடக் கூடத்தான் கேட்பார்கள். அவர்களுக்கும் செலவும் லாபமும் உண்டே. சராசரியில் பார்த்தால் வாங்குபவருக்கு நஷ்டம். ஆனால் உங்களிடம் இருபது கார் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. ஆறு லட்சத்தை ஒரே நாளில் எடுத்துவைக்க முடிகிறவர் வாரண்டியை விட்டுவிடலாம். முடியாதவர் அந்தக் கூடுதல் பணத்தை நிம்மதிக்கான கட்டணமாகக் கொடுக்கட்டும்.

எதை எதிர்பார்த்து வாங்குகிறோம் என்பது தெரிந்திருந்தால் சரி. பிரேக் பேட், டிஸ்க், வைப்பர், ரப்பர் புஷ் போன்றவை தேய்வது நிச்சயம். நிச்சயமானதை எந்த வாரண்டியும் ஏற்காது. திடீரென்று உடைவதைத்தான் அது ஏற்கும். நடுவே ஒரு தகராறு நிலம் இருக்கிறது: ஆயில் கசிவு. கேஸ்கெட் ஓரம் ஈரமாக மினுங்கினால் அது வெறும் ஈரம், வயதான இஞ்சினுக்கு இயல்பு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொட்டாகத் திரண்டு விழுந்தால் கசிவு, பழுது. அதனால் விவரமான மெக்கானிக் முதலில் அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வார், தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பார், நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி மறுபடி லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பார். வாரண்டி முடிய ஒரு மாதமாவது இருக்கும்போது இதைச் செய்துவிட வேண்டும். கேஸ்கெட்டை வரவழைக்கவே சில சமயம் மூன்று வாரம் ஆகிவிடுகிறது.