மரத்துப் போகாத மனம்

ஜெர்மனியில் இப்போது மாலை நேரம். சென்னையில் இரவாகிவிட்டது, டொரண்டோவில் நண்பகல்.

அரசியல் கொந்தளிக்கும் காலத்தில் மனம் உடையாமலும் கருணை வற்றாமலும் இருப்பது எப்படி என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் பேராசிரியை இல்லை. நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு, ஊரிலும் பிறகு இந்த நாட்டிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் நிற்பவள். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சர்க்கரை நோய் முற்றினால் சிலருக்குப் பாதம் மரத்துப் போகும். காலையில் செருப்புக்குள் புகுந்த ஒரு சின்னக் கல் மாலைக்குள் புண்ணை உண்டாக்கியிருக்கும். அவருக்குத் தெரியாது. வலிக்கவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன் என்பார். வலி இல்லாமல் போனதுதான் அங்கே நோய்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகிலோ இடுப்பிலோ ஓயாமல் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால், அங்கே இரத்த ஓட்டம் குறைந்து தோல் செத்துப்போகும். அதுதான் படுக்கைப்புண். அதைத் தடுக்க நாங்கள் பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறோம். உடலின் பாரம் குறைவதில்லை, அது விழும் இடம்தான் மாறுகிறது.

கொந்தளிப்பான காலத்தில் மனதுக்கு வரும் ஆபத்தும் இந்த இரண்டுதான். ஒன்று, மரத்துப் போவது. மற்றது, ஓயாத அழுத்தத்தில் புண்ணாகிப் போவது. பெரும்பாலும் இரண்டாவதற்குப் பயந்துதான் நாம் முதலாவதைத் தேடிப் போகிறோம்.

இங்கே ஜெர்மனியில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 நவம்பரில் போட்ஸ்டாமில் ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது. வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்களைப் பெருமளவில் நாட்டைவிட்டு வெளியேற்றும் திட்டம் அதில் பேசப்பட்டதாக, 'கோரெக்டிவ்' என்ற புலனாய்வு ஊடகம் 2024 ஜனவரி 10 அன்று செய்தி வெளியிட்டது. அதையடுத்து லட்சக்கணக்கானவர்கள் குளிரில் தெருவுக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2024 டிசம்பர் 8 அன்று சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது. மறுநாளே இங்குள்ள சில அரசியல்வாதிகள் சிரியர்களைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஜெர்மன் மருத்துவமனைகளிலும் மருத்துவ நிலையங்களிலும் சுமார் 6,000 சிரிய மருத்துவர்கள் வேலை செய்கிறார்கள் என்பது அப்போதுதான் பலர் கவனத்துக்கு வந்தது. 2025 பிப்ரவரி 23 தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீத வாக்குகளோடு இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

ஐந்தில் ஒருவர். முதியோர் இல்லத்தில் காலையில் ஒரு வரிசை அறைகளுக்குள் போய்வரும் எனக்கு இந்தக் கணக்கு வெறும் கணக்கு இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை. ஆனால் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, "இவர்கள் எல்லோரும் போய்த் தொலைய வேண்டும்" என்பார் ஒரு பெரியவர். அவருடைய முதுகு அப்போது என் கையில் இருக்கும். அடுத்த மூச்சிலேயே, "ஷ்வெஸ்டர், உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் வேறு" என்பார். இங்கே நர்ஸை ஷ்வெஸ்டர், அதாவது சகோதரி, என்றுதான் பெரியவர்கள் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் வாழும் உங்களில் பலரும் இந்த "நீங்கள் வேறு" என்ற வார்த்தையை ஏதாவதொரு மொழியில் கேட்டிருப்பீர்கள்.

அந்த நேரத்தில் மனம் மரத்துப் போக எவ்வளவு ஆசைப்படும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த நாட்டில் நர்ஸாக இருக்கும் ஒருத்திக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஹடமாரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹடமார் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு சிற்றூர். அங்கிருந்த மனநல மருத்துவமனையின் நிலவறையில் 1941 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, மனநோயாளிகளும் ஊனமுற்றவர்களுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். பேருந்தில் வந்தவர்களை இறக்கியதும், உடைகளைக் கழற்ற உதவியதும் நர்ஸ்கள். 1942-லிருந்து 1945 வரை மேலும் சுமார் 4,500 பேர் அளவுக்கு மீறிய மருந்தாலும் பட்டினியாலும் கொல்லப்பட்டார்கள். அந்த மருந்தைக் கொடுத்ததும் நர்ஸ்களின் கைகள்தான். தலைமை நர்ஸ் இர்ம்கார்ட் ஹூபருக்கு 1945-ல் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் 25 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 1952-லேயே அவர் விடுதலையானார்.

இதில் என்னைத் தூங்கவிடாத தகவல் ஒன்று உண்டு. 1941 கோடையில் பத்தாயிரமாவது உடலை எரித்த நாளை ஊழியர்கள் கூடி பீர் குடித்துக் கொண்டாடியிருக்கிறார்கள். அவர்கள் எங்களைப் போலவே பயிற்சி பெற்றவர்கள், ஷிஃப்ட் பார்த்தவர்கள், வீட்டுக்குப் போய்ச் சமைத்தவர்கள்.

ஒரே நாளில் யாரும் அங்கே போய்ச் சேர்வதில்லை. நச்சுவாயுவுக்கு முன்னால் ஒரு சொல் வந்தது. 1920-லேயே கார்ல் பிண்டிங் என்ற சட்ட அறிஞரும் ஆல்ஃபிரெட் ஹோஹெ என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து எழுதிய ஒரு சிறு நூல், "வாழத் தகுதியற்ற உயிர்" என்ற பேச்சைப் படித்தவர்கள் மத்தியில் மரியாதையானதாக்கியது. இருபது ஆண்டு காலம் அந்த மாதிரிச் சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. வெறுப்பு என்றால்கூட அதில் ஒரு சூடு இருக்கும். இது இளக்காரம். எதிரில் இருப்பவர் ஒரு பொருட்டே இல்லை என்னும் எண்ணம். மனம் மரத்துப் போவது இளக்காரத்தில்தான் தொடங்குகிறது.

இதைக் கொந்தளிப்பின் நடுவிலேயே உட்கார்ந்து கண்டுகொண்டவர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். 1906-ல் பிறந்த லுத்தரன் போதகர். காந்தியடிகளிடம் வந்து தங்கிக் கற்றுக்கொள்ள விரும்பியவர். 1934-ல் காந்தி அவரை வரவேற்றுக் கடிதமும் எழுதினார். அந்தப் பயணம் நடக்கவில்லை. ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்டிருந்த அவர், 1942 கிறிஸ்துமஸ் சமயத்தில் நெருங்கிய சிலருக்காக 'பத்தாண்டுகளுக்குப் பிறகு' என்று ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஒரு பிரதி பெர்லினில் அவருடைய பெற்றோர் வீட்டுக் கூரை உத்தரங்களுக்கிடையில் ஒளித்துவைக்கப்பட்டுத் தப்பியது.

தங்களைப் போன்ற எதிர்ப்பாளர்களுக்கு வரக்கூடிய பெரிய சோதனையாக அதில் அவர் எதைச் சொல்கிறார் தெரியுமா? மனிதர்களை இளக்காரமாக நினைப்பதை. கோழைகளையும் கூட்டத்தோடு போகிறவர்களையும் பத்து வருடம் பார்த்தால் அந்த எண்ணம் வரத்தான் செய்யும். ஆனால் அப்படி நினைத்தால் நாமும் எதிராளியின் நோயிலேயே விழுந்துவிடுவோம் என்கிறார். ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்பதைக் கொண்டு மட்டும் பார்க்காமல், எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கொண்டு பார்க்கப் பழகச் சொல்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குத் திருக்குறள் நினைவுக்கு வந்தது. கண்ணோட்டம் என்ற சொல்லை இன்று நாம் 'பார்வைக் கோணம்' என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். வள்ளுவரிடம் அதற்கு இரக்கத்தோடு பார்ப்பது என்று பொருள். 58-ஆம் அதிகாரத்துக்கு அதுதான் பெயர். அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில், அரசியல் பகுதியில் இருக்கிறது. அதற்கு முந்தையது, குடிமக்கள் அஞ்சும்படி நடக்கக் கூடாது என்னும் வெருவந்த செய்யாமை. அடுத்தது, ஒற்றர்களைப் பற்றிய ஒற்றாடல். அச்சத்துக்கும் உளவுக்கும் நடுவில் வள்ளுவர் இரக்கத்தை வைத்திருக்கிறார். அரசியல் சூடாகும்போது இரக்கத்தை வீட்டுக்குள் பூட்டிவிட வேண்டும் என்று நம் மரபு சொல்லவில்லை.

கருணை என்றால் எப்போதும் சாந்தமாக இருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். 1943 ஏப்ரலில் கைதான போன்ஹோஃபர் ஒன்றரை ஆண்டு பெர்லினின் டேகல் சிறையில் இருந்தார். நேரம் வகுத்துக்கொண்டு படித்தார், எழுதினார். குண்டு விழுந்த இரவுகளில் காயம்பட்டவர்களுக்கு உதவினார். காவலர்கள்கூட ஆறுதல் தேடி அவரிடம் வந்தார்கள். அதே மனிதர் 1944-ல் 'நான் யார்?' என்ற கவிதையில், வெளியே தெரியும் நிதானத்துக்கும் உள்ளே இருக்கும் தவிப்புக்கும் உள்ள தூரத்தை ஒளிக்காமல் எழுதிவைத்தார். எது உண்மையான தான் என்ற கேள்விக்கு விடை காணாமல், கடவுளிடம் தன்னை ஒப்படைத்து முடிக்கிறார். உள்ளே நடுங்குவதால் ஒருவர் பலவீனமானவர் ஆகிவிடுவதில்லை. அவர் மரத்துப் போகவில்லை என்பதற்கு அந்த நடுக்கமே அடையாளம். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோஸன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இன்னொருவர் எட்டி ஹிலஸம். நெதர்லாந்தைச் சேர்ந்த யூதப் பெண். 1941 மார்ச்சில், நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த ஆம்ஸ்டர்டாமில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஒரே ஒரு நல்ல ஜெர்மானியர் இருந்தாலும் அந்த இனம் முழுவதையும் வெறுக்க நமக்கு உரிமை இல்லை என்று தொடக்கத்திலேயே எழுதுகிறார். உடனே, இதனால் அநியாயத்தைக் கண்டு கொதிக்கக் கூடாது என்று ஆகாது என்றும் தெளிவுபடுத்துகிறார். பின்னர் தானாகவே முன்வந்து வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமுக்குப் பணியாற்றப் போனார். நோயாளிகள் கிடந்த கொட்டகைகளில் உழைத்தார். 1943 நவம்பரில் ஆஷ்விட்ஸில் இறந்தபோது அவருக்கு வயது 29. நாட்குறிப்பு 1981-ல்தான் நூலாக வந்தது.

இவர்கள் அளவுக்கு நமக்கு நெஞ்சுரம் இல்லை, அவர்களுடைய காலமும் நம்முடையது இல்லை. ஆனால் அவர்கள் செய்ததில் நாம் செய்யக்கூடியது இருக்கிறது. அதை வார்டு மொழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலாவது, புரட்டிப் படுக்க வைப்பது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த படங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல், தூங்காமல், சாப்பிடாமல் கிடந்ததை ஈழத்து நண்பர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்களில் அது இயல்பு. ஆனால் எந்த நாட்டுச் செய்தியாக இருந்தாலும், வருடக்கணக்கில் இரவு பகலாக ஒரே இடத்தில் அழுத்தினால் மனத்தில் புண் வரும், பிறகு அந்த இடம் செத்துப்போகும். குறிப்பிட்ட நேரத்தில் செய்தி பாருங்கள். பிறகு ஃபோனை வைத்துவிட்டுச் சமையலுக்கோ, ஜெபத்துக்கோ, ஒரு நாவலுக்கோ திரும்புங்கள். போன்ஹோஃபர் சிறையில் ஸ்டிஃப்டரின் பெரிய நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். அதைத் தப்பித்தல் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஹேண்ட்ஓவர். ஷிஃப்ட் முடிந்ததும் வார்டை அடுத்த நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். நோயாளி இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார், ஆனால் இப்போது அவரைப் பார்க்க வேறொருவர் இருக்கிறார். உலகத்தின் துயரத்தை 24 மணி நேரமும் ஒற்றை ஆளாகச் சுமக்க யாருக்கும் பணி ஆணை இல்லை. அதனால்தான் குழுவாகச் செய்வது முக்கியம். ஒரு சபை, ஒரு சங்கம், நாலு நண்பர்கள் போதும்.

மூன்றாவது, பெயர். "அந்த இரண்டாம் அறைக் கேஸ்" என்று பேசாதே என்று பயிற்சிக் காலத்தில் எங்களைத் திட்டுவார்கள். எண்ணுக்காக இரங்குவது சீக்கிரம் களைத்துப்போகும். பெயர் தெரிந்த ஒருவருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பதோ, அலுவலகத்துக்குத் துணையாகப் போவதோ அப்படிக் களைப்பதில்லை.

இந்த உரைக்கு முன்பே ஒரு வாசகர் கேட்டு அனுப்பியிருந்தார்: "நம்மை விரட்ட நினைப்பவர்களிடமும் கருணை காட்ட வேண்டுமா? அது அடிமைத்தனம் ஆகாதா?" நியாயமான கேள்வி. கருணை வேறு, சம்மதம் வேறு. 1941 ஆகஸ்ட் 3 அன்று ம்யூன்ஸ்டர் நகரில் பிஷப் காலன் பிரசங்க மேடையில் நின்று, நோயாளிகளைக் கொல்வது கொலை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பிரசங்கம் கைப்பிரதிகளாக நாடெங்கும் பரவியது. அதே மாதம் 24-ஆம் தேதி நச்சுவாயுக் கொலைகளை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். கொலைகள் வேறு வழிகளில் தொடர்ந்தன என்பதும் உண்மை. ஆனால் நோயாளிகள் மீது இரக்கம் இருந்ததால்தான் அவரால் அப்படிப் பேச முடிந்தது. மரத்துப்போனவர்கள் வாய் திறக்கவில்லை.

"நீங்கள் வேறு" என்ற பெரியவருக்கு நான் முதுகு துடைத்து முடித்தேன். வெந்நீரின் சூட்டைக் குறைக்கவில்லை, துண்டை இழுத்துத் தேய்க்கவுமில்லை. சட்டையை மாட்டிவிட்டு, "நான் வேறு இல்லை. நீங்கள் சொல்கிற அவர்களில் நானும் ஒருத்தி" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் மாறினாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இங்கே ஓட்டும் இல்லை. அவருடைய முதுகில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வதும், அந்த வாக்கியத்தை அவரிடம் சொல்வதும் இரண்டுமே என் வேலை என்று நினைக்கிறேன். ஒன்றுக்காக மற்றதை விடமாட்டேன்.

இனி நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.