சம்பளம் உயர்ந்தபின்

சென்ற வாரம், கைத்தறி நெசவாளர்களுக்கென ஏற்பட்ட மகாத்மா காந்தி பங்கர் பீமா யோஜனாவில், ஆண்டுப் பிரீமியம் 470 ரூபாயில் நெசவாளி 80 ரூபாய் மட்டுமே செலுத்த, மிகுதியை மத்திய அரசாங்கமும் ஆயுள் காப்பீட்டுக் கழகமும் ஏற்றுக்கொண்டிருந்ததை விவரித்தேன். தறி வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் இன்று தறிக்குழியில் இறங்குவதில்லை. திருப்பருத்திக்குன்றத்துச் சமண ஆலயத்தைக் கடந்து, வைகறையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்குப் போகிற இளைஞன், டிப்ளமா முடித்து வெல்டிங் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தால், அவனுக்கு எந்தக் காப்பீடு வேண்டும் என்று எடுத்துச் சொல்ல வீட்டிலே ஆளில்லை. வேலைக்கு எடுத்த கண்டிராக்டருக்கோ அவகாசமில்லை.

மேற்பார்வை உத்தியோகம்தானே, இதில் அபாயம் ஏது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வெல்டர் ஸ்லாக் என்னும் கசடைத் தட்டி உதிர்த்தவுடன், சூடு ஆறாத இணைப்பின்மேல் குனிந்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் அண்டர்கட் என்னும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று கண்ணாலும் கேஜினாலும் சோதிக்கிற அந்தப் பிள்ளை, அதே சாரத்தின்மேல்தான் நிற்கிறான். ஆர்கான் வாயு தங்கிய அதே தொட்டிக்குள்தான் இறங்குகிறான். இரிடியம்-192 கொண்டு படமெடுக்கும் இடமானால், கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சும் உண்டு. அதை அளக்கச் சட்டைப் பையிலே குத்திக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜின் அளவுக் கணக்கை அவன் பிரதியெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். கதிர்வீச்சு நோய் தொழில் நோயாக அங்கீகரிக்கப்பட்டிருந்தாலும், அது பல வருஷம் கழித்துத் தலைகாட்டும்போது அந்தக் காகிதமே முக்கிய சாட்சி.

ஆரம்பச் சம்பளத்தில் இருக்கும்வரை அவனுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு துணை நிற்கிறது. 1948-இல் இயற்றிய சட்டத்தால் பிறந்த இந்தத் திட்டத்தில், மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியம் பெறுகிறவன் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் செலுத்த, வேலையில் அடிபட்டுப் படுத்தால் சராசரி நாட்கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைக்கிறது. அவனை நம்பியிருக்கும் தாய் தந்தையர்க்கும் வைத்தியம் உண்டு. இவ்வளவும் அவன் தன் தொழிலுக்குரிய லெவல்-2 பரீட்சையில் தேறி, சம்பளம் வரம்பைத் தாண்டியதும், நடப்புச் சந்தாக் காலம் செப்டம்பரிலோ மார்ச்சிலோ முடிகிறவரைதான் முழுமையாக நீடித்து, பிறகு படிப்படியாகக் கழன்றுவிடுகிறது. வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள்; காப்பு போனதை ஒருவரும் கவனிப்பதில்லை. இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஆகையால் சம்பள உயர்வுக் கடிதம் வருமுன்பே குடும்பத்துக்கு ஒரு மருத்துவப் பாலிசி எடுத்துவிட வேண்டும். முன்பே இருக்கும் நோய்களுக்கு 36 மாதம்வரை காத்திருக்கச் சொல்லும் நிபந்தனை பாலிசிகளில் இருப்பதால், அப்பாவின் சர்க்கரை வியாதியை மறைக்காமல் எழுதி, அந்தக் கெடுவை இ.எஸ்.ஐ. இருக்கும்போதே ஓடவிடுவது விவேகம். வருஷம் 20 ரூபாயில் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, விபத்தில் மரணம் நேர்ந்தால் 2 லட்சம் தரும். நிரந்தர ஊனத்துக்கும் தரும். கால் முறிந்து மூன்று மாதம் சம்பளமின்றிக் கிடப்பவனுக்கு ஒன்றும் தராது. அதற்கு வாரந்தோறும் ஈட்டுத்தொகை வழங்கும் தனிநபர் விபத்துப் பாலிசி வேறாக வேண்டும்.

இனி, இணைப்பு சரியென்று அவன் போடும் கையெழுத்து. கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பவன் தவறினால் பொதுவாகக் கம்பெனியே பொறுப்பேற்கும். நாள் கணக்கில் கட்டணம் வாங்கிப் பல இடங்களில் சோதனை செய்கிறவனுக்கு அந்த நிழல் கிடையாது. தொழில்சார் பொறுப்புக் காப்பீட்டை அவனே எடுக்க வேண்டும். இந்தப் பாலிசியில், தவறு நேர்ந்த நாளில் காப்பீடு இருந்தது என்பது மட்டும் போதாது. நஷ்ட ஈடு கோரி நோட்டீஸ் வருகிற நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். இன்று சரியென்று கையெழுத்திட்ட குழாய் ஐந்து வருஷம் கழித்து வெடிக்கலாம். காப்பீட்டுக் கம்பெனியை மாற்றுகிறவர்கள், பழைய வேலைகளையும் உள்ளடக்கும் முன்தேதியைப் புதிய பாலிசியிலும் அப்படியே எழுதித்தரும்படி ஏஜெண்டிடம் கேட்டு வாங்குங்கள்.