படம் பிடித்தவருக்குப் பரிசு, பேசியவருக்கு?

சென்ற மாதம் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு நாம் புறப்படும் நேரம். "அண்ணே, ஒரு நிமிசம்" என்று ஒரு பெண் பிள்ளை வந்து நின்றாள். போலிடெக்னிக்கில் படிக்கிறவள். கையில் கைத்தொலைபேசி. அதில் அவளுடைய பாட்டி.

விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடிய கதை, பால் வாளியைக் காண்டாவில் தூக்கிய கதை, மழை பெய்து மங்கில் தண்ணீர் நிறைந்தால் அன்றைய சம்பளம் போன கதை, ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட கதை என்று பாட்டி பேசிக்கொண்டே போகிறார். பேத்தி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

"இதெல்லாம் சேத்தா ஒரு படம் ஆகுமாண்ணே? பேரு தெரியாத ஆளு எடுக்கிற முத படத்த யாரு பாப்பா? யாரு பரிசு குடுப்பா?" என்று கேட்டாள்.

அன்று இருட்டிவிட்டது. "அப்புறம் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். அவளுக்கு மட்டுமல்ல, கைத்தொலைபேசி வைத்திருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும், அவர்கள் படம் பிடிக்கப் போகும் தாத்தா பாட்டிமாருக்கும்.

நடிகர் நடிகை இல்லாமல், நடந்ததை நடந்தபடி, வாழ்கிறவர்களை வாழ்கிறபடி காட்டுவது ஆவணப்படம். முதன்முதலாக ஆவணப்படம் எடுப்பவரின் நிலை, வேலைக்குப் புதிதாக வந்தவனின் நிலைதான். பழைய ஆள் பக்கத்தில் நின்றால் புதியவன் வெட்டிய மரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பெயர் இல்லை என்பதால் பணம் போட ஆள் வருவதில்லை. பணம் இல்லாததால் பெயரும் வருவதில்லை. இந்தச் சுற்றை உடைக்கத்தான் முதல் பட இயக்குநர்களுக்கென்று தனி விருது வைத்தார்கள். இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில் கதைப்படங்களுக்கு ஒரு பிரிவு, ஆவணப்படங்களும் குறும்படங்களும் சேர்ந்த இன்னொரு பிரிவு. அந்த இரண்டாவது பிரிவிலும் அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கு விருது உண்டு. பெரிய இயக்குநர்களோடு அவர் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தம்மைப் போன்ற புதியவர்களோடுதான் போட்டி.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர் குடும்பத்தின் கதையைச் சொன்ன 'ஜகாட்' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது ஆவணப்படமல்ல, கதைப்படம்தான். ஆனால் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. 2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. புதிய இயக்குநருக்கான விருதும் அவருக்கே வந்தது. தமிழ் பேசும் ஒரு படம் இந்த நாட்டின் சிறந்த படமாக நின்றது சின்ன விசயமா?

ஆவணப்படம் என்று பார்த்தால், கோமாஸ் அமைப்பு 2003-இல் தொடங்கிய 'பிரீடம் பிலிம் பெஸ்ட்' விழாவைச் சொல்ல வேண்டும். சமூக நீதி, மனித உரிமை பற்றிய படங்களுக்கான விழா அது. எடுத்து முடித்த படத்துக்குப் பரிசு கொடுப்பதோடு அங்கே வேலை நின்றுவிடுவதில்லை. இன்னும் எடுக்காத படத்தின் யோசனையை எழுதி அனுப்பினால், தேர்ந்தெடுத்து உதவித் தொகையும் கொடுத்து, எடுக்கும் விதத்தையும் சொல்லித் தந்திருக்கிறார்கள். 2012-இல் அப்படிப் படம் எடுத்தவர்களில் ஒருவர் திரிஷியா இயோ. அவர் ஆய்வாளர், சினிமாத் தொழிலைச் சேர்ந்தவர் அல்லர். கேமரா பிடித்தே பிறந்தவர்களுக்குத்தான் படம் என்பது பழைய காலம்.

இனி நம் தமிழிலேயே பேசிய ஒரு படத்தைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம், முதுமலைக் காடு. அங்கே தெப்பக்காட்டில் நூறாண்டு கடந்த யானை முகாம் இருக்கிறது. தாயை இழந்த ரகு என்ற குட்டி யானையை வளர்த்தவர்கள் பொம்மன், பெள்ளி என்ற காட்டுநாயக்கர் இனத்துத் தம்பதி. ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் என்ற பெண், பொம்மன் அந்தக் குட்டியோடு சாலையில் நடந்து போவதை 2017-இல் கண்டார். வண்டியை நிறுத்தினார். அன்று தொடங்கியது ஏறக்குறைய ஐந்து வருட வேலை. படம் என்னவோ சுமார் 40 நிமிடம்தான். 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' என்று பெயர். 2022 டிசம்பரில் வெளிவந்தது. 2023 மார்ச்சில் சிறந்த குறு ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அது கார்த்திகி இயக்கிய முதல் படம்!

ஆஸ்காரில் முதல் படத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. உலகத்தின் பழம்பெரும் கைகளோடு மோதித்தான் அந்த முதல் படம் வென்றது. அதில் பேசியவர்கள் யார்? படித்துப் பட்டம் வாங்கியவர்களா? யானைக்குச் சோறு உருட்டிக் கொடுக்கும் தொழிலாளிகள்.

"அது யானைப் படம், அதான் வெள்ளைக்காரன் பாத்தான். நம்ம சம்பளப் பிரச்சினையை எவன் பாப்பான்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு அமெரிக்காவிலிருந்தே பதில் சொல்லலாம்.

அங்கே கென்டக்கி மாநிலத்தில் ஹார்லன் கவுன்டி என்ற நிலக்கரி நாடு. 1973-இல் புரூக்சைட் சுரங்கத்துத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். பதின்மூன்று மாதம் நீடித்தது. ஆண்களை மறியல் செய்ய விடாமல் நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது, அவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் கையில் கம்போடு சாலையில் நின்றார்கள். பார்பரா கோப்பிள் என்ற இளம்பெண் அந்த மக்களோடு தங்கிப் படம் பிடித்தார். அடியாட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். கேமரா இருந்தால் அவர்கள் கொஞ்சம் அடங்குகிறார்கள் என்று கண்டதால், பிலிம் இல்லாத நாட்களிலும் படம் பிடிப்பது போல் அவரும் குழுவினரும் அங்கே நின்றார்கள். லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்த பிறகுதான் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது.

'ஹார்லன் கவுன்டி, யூ.எஸ்.ஏ.' என்ற அந்தப் படம் 1976-இல் வந்தது. பார்பரா கோப்பிள் தாமே பொறுப்பேற்று இயக்கிய முதல் படம் அது. 1977-இல் ஆஸ்கார் வாங்கியது. வேலைநிறுத்தம் முடிந்து ஐம்பது வருடமாகியும் அந்தப் பெண்கள் இன்னும் சாலையில் நிற்கிறார்கள், படத்தில். சம்பளப் போராட்டத்தை உலகம் பார்க்காது என்று யார் சொன்னது?

நம் பக்கம் திரும்புவோம். நம் தோட்டங்களில் படம் பார்த்த வரலாறு நீளமானது. 1946-இல் மலாயா பிலிம் யூனிட் தொடங்கியது. அரசாங்கத்தின் தகவல் இலாகா வேன் தோட்டத்துக்கு வந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு போய் நாம் பார்த்தோம். நம்மைப் படம் பிடிக்க நம்மில் யாரும் இருக்கவில்லை.

அதனால் இழந்தது எவ்வளவு! 1942-க்குப் பிறகு ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துப் போன நம் பாட்டன்மாரில் திரும்பி வந்தவர்கள், லயத்து வாசலில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னார்கள். கேட்டோம், அழுதோம், மறந்தோம். இன்று சொல்ல ஆள் இல்லை. ஜொகூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. லயம் இருந்த இடமும் கோயில் இருந்த இடமும் தெரியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். பால் மரம் சீவிய கடைசித் தலைமுறை இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறது. காலம் நமக்காகக் காத்திராது.

ஆகவே, படம் எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சங்கத்துக்காரன் கணக்குக் கேட்காமல் விடுவானா?

ஆஸ்கார் கிடைத்த பிறகு தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் கார்த்திகிக்கு 1 கோடி ரூபாய் வழங்கினார். பொம்மனுக்கும் பெள்ளிக்கும் தலா 1 லட்சம். தமிழ்நாட்டின் இரண்டு யானை முகாம்களில் வேலை செய்யும் 91 பேருக்கும் தலா 1 லட்சமும், அவர்கள் வீடு கட்ட நிதியும் அறிவித்தார். பெள்ளிக்கு யானை பராமரிக்கும் காவடி வேலை அரசு வேலையாகக் கிடைத்தது. நல்ல காரியம், பாராட்டுவோம். என்றாலும் 1 கோடி என்பது 100 லட்சம் என்பது நம் ஆட்களுக்குத் தெரியாதா?

2023 ஆகஸ்டில், படம் எடுத்தவர்கள் சொன்ன உதவியைச் செய்யவில்லை என்று அந்தத் தம்பதி வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். படக்குழுவினர் அதை மறுத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதி அல்ல. நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாய்ப்பேச்சில் நிற்கும் எந்த ஒப்பந்தமும் ஒருநாள் சண்டையில்தான் போய் முடியும். சம்பள விசயத்தில் இதை நாம் எத்தனை தடவை பட்டிருக்கிறோம்!

நாமே பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் வேறொரு தோட்டத்துக்கு வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் கேமராவோடு வந்தார்கள். அழைத்துப்போய் ஒரு பாட்டியிடம் அறிமுகம் செய்தது நாம்தான். மூன்று மதியம் பேசினார் பாட்டி. பழைய வெட்டுக்கத்தியை எடுத்து, கைநடுக்கத்தோடு மரம் சீவியும் காட்டினார். "பேரு போட மறந்துறாதீங்க தம்பி" என்று சிரித்தார். படம் எங்கோ காட்டப்பட்டது, பரிசும் வாங்கியது என்று கேள்விப்பட்டோம். அதில் பாட்டியின் பெயர் இல்லை. 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும் போட்டிருந்ததாம். ஒரு பிரதிகூட வீட்டுக்கு வரவில்லை.

பாட்டி காலமான பதினாறாம் நாள், மகன் நம்மிடம் வந்தார். "அம்மா கொரல் அந்தப் படத்துலதான் இருக்கு. சங்கத்துல கேட்டு வாங்கித் தர முடியுமா?" என்றார். அந்தப் பிள்ளைகள் கொடுத்த நம்பர் வேலை செய்யவில்லை. நாம் அன்று அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம். ஒரு கடுதாசியில் நாலு வரி எழுதி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ஊருக்கெல்லாம் 'எழுதி வாங்கு' என்று சொல்லும் நாமே வாங்கவில்லை. அந்த மகனின் முகத்தைப் பார்க்க இன்றும் நமக்குக் கூச்சம்.

அதனால் இப்போது கேமராவோடு யார் வந்தாலும், நம் சொந்தப் பிள்ளையே எடுத்தாலும், நாலு விசயத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம்.

ஒன்று, பேசுகிறவர் பெயர் படத்தில் வரவேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதையும் எழுத வேண்டும்.

இரண்டு, வேலை நேரத்தை விட்டுப் பேசினால் அன்றைய கூலிக்கு என்ன வழி? படத்துக்குப் பணமோ பரிசோ வந்தால் அவருக்கு என்ன பங்கு? பங்கு இல்லையென்றால், இல்லை என்றே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று, முடிந்த படத்தின் பிரதி ஒன்று அந்தக் குடும்பத்துக்கு. பேசிய முழுப் பேச்சும் ஒரு பிரதி. வெட்டியெறிந்த பகுதியில்தான் பேரப்பிள்ளைக்கு வேண்டியது இருக்கும்.

நான்கு, வெளியே காட்டுவதற்கு முன் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். "இதை எடுத்துடு தம்பி" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

படிக்கத் தெரியாதவருக்கு அதைப் படித்துக் காட்ட, பக்கத்தில் இன்னொருவர் சாட்சியாக இருக்கட்டும். கமிட்டிக்காரர்கள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதனால் படம் கெட்டுவிடாது. தன் பங்கு என்ன என்று தெரிந்தவர்தான் மனம் விட்டுப் பேசுவார்.

அந்தத் தங்கைக்கு நம் பதில் இதுதான். உன்னிடம் இருப்பது படம்தானம்மா. முதல் படம் எடுக்கிறவர்களுக்கென்றே பரிசு வைத்திருக்கிறார்கள், உதவியும் செய்கிறார்கள். அனுப்பிப் பார். கிடைத்தால் தோட்டமே சந்தோசப்படும். கிடைக்காவிட்டாலும் உன் பாட்டியின் குரல் உன் வீட்டில் இருக்கும். ஆனால் அனுப்புவதற்கு முன் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதையும் போட்டுக் காட்டு. முதல் வரியில் அவர் பெயரைப் போடு.

அடுத்த கூட்டத்துக்கு நாம் வரும்போது திடலில் ஒரு வெள்ளைத் துணி கட்டி வையுங்கள். இந்தத் தடவை பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நம்மையே நாம் பார்ப்போம்.