வேலியும் பயிரும்
(தோலை ஆராய்ந்த ஒரு மருத்துவரின் வாழ்க்கை)

நம் உடலில் மிகப் பெரிய உறுப்பு எது என்று கேட்டால், சிலர் ஈரல் என்போம். சிலர் நுரையீரல் என்போம். தோல் என்று சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பரப்பினால், அது ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். வெயில், மழை, தூசி, கிருமி ஆகிய அனைத்தையும் முதலில் எதிர்கொள்வது அதுவே. வயலுக்கு வேலி எப்படியோ, உடலுக்குத் தோல் அப்படி.

இந்த வேலிக்கு இரண்டு விதமான கேடுகள் நேரலாம். வேலிக்குள்ளேயே களை முளைத்துப் பரவலாம். அதுதான் தோல் புற்றுநோய். அல்லது வேலியே பயிரை மேயலாம். அதாவது, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் தோலைத் தாக்கலாம். இந்த இரண்டு கேடுகளையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்ந்த ஒரு மருத்துவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் ஸ்டீபன் காட்ஸ்.

பெதெஸ்டாவுக்குச் சென்ற பாதை

காட்ஸ் 1941ஆம் ஆண்டு பிறந்த அமெரிக்கர். டுலேன் பல்கலைக்கழகத்தில் 1966இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மயாமி நகரில் தோல் மருத்துவம் பயின்றார். தோல் மருத்துவராகத் தொழில் நடத்த அதுவே போதுமானது. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. நோய் எதிர்ப்பியல் என்னும் துறையைக் கற்பதற்காகக் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, 1974இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தோலின் வியாதிகளை அறிய, தோலை மட்டும் பார்த்தால் போதாது. இரத்தத்தையும் எதிர்ப்புச் சக்தியையும் அறிய வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

அதே ஆண்டு, வாஷிங்டன் நகரை அடுத்த பெதெஸ்டாவில் உள்ள அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், தோல் நோய்ப் பிரிவில் சேர்ந்தார். பெதெஸ்டா என்பது நமக்குப் பழக்கமான பெயர்தான். நற்செய்தியில் நோயாளிகள் குணம் வேண்டிக் காத்திருந்த குளத்தின் பெயர் அது. 1977இல் அப்பிரிவின் பொறுப்பு காட்ஸ் கைக்கு வந்தது.

தூங்கிக் கிடந்த ஒரு புதிர்

1868ஆம் ஆண்டு ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர், மனிதத் தோலின் ஒரு துண்டைத் தங்கத்தின் உப்புக் கரைசலில் நனைத்து நுண்பெருக்கியில் பார்த்தார். மேல்தோலில், கிளைகள் விரிந்த மரம் போன்ற சில செல்கள் கறுப்பாகத் தெரிந்தன. அப்போது அவருக்கு வயது 21. அவை நரம்பைச் சேர்ந்தவை என்று அவர் கருதினார். அவருடைய பெயரையே அச்செல்களுக்கு வைத்தார்கள். ஆனால் அவை என்ன வேலை செய்கின்றன என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புதிராகவே இருந்தது.

இப்புதிரின் முடிச்சை அவிழ்ப்பதில் பெதெஸ்டாவுக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரியாவிலிருந்து வந்த கியோர்க் ஸ்டிங்கல் என்ற இளம் மருத்துவர், காட்ஸ் முதலியோருடன் சேர்ந்து, லாங்கர்ஹான்ஸ் செல்களின் மேற்பரப்பில் எதிர்ப்புச் சக்திக்கு உரிய அடையாளங்கள் இருப்பதை 1978இல் காட்டினார். அப்படியானால் அவை நரம்பைச் சேர்ந்தவை அல்ல, காவற்படையைச் சேர்ந்தவை! அவை எங்கிருந்து தோலுக்கு வருகின்றன என்பது அடுத்த கேள்வி.

1979இல் காட்ஸும் ஜப்பானியரான குனிஹிகோ தமாகியும் டேவிட் சாக்ஸும் அதற்கு விடை கண்டனர். சுண்டெலிகளின் எலும்பு மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்து, வேறு இன எலியின் மஜ்ஜையைச் செலுத்தினர். பின்னர்த் தோலைச் சோதித்தபோது, அங்கிருந்த லாங்கர்ஹான்ஸ் செல்களில் மஜ்ஜையைக் கொடுத்த எலியின் அடையாளம் காணப்பட்டது. ஆகவே, இக்காவலர்கள் தோலிலேயே பிறந்தவர்கள் அல்லர் என்று அவர்கள் முடிவு செய்தனர். எலும்பு மஜ்ஜையில் தோன்றித் தோலுக்குக் காவலுக்கு வந்தவர்கள் என்று கருதினர். உள்ளே நுழையும் அந்நியப் பொருளைப் பிடித்து, நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் சென்று, மற்றப் போர்வீரர்களுக்குக் காட்டுவதே அவர்களுடைய வேலை. தோல் வெறும் போர்வை அன்று. அது விழித்திருக்கும் ஒரு காவல் நிலையம் என்ற எண்ணம் இவ்வாறு உறுதிப்பட்டது.

வேலியே பயிரை மேய்ந்தால்

காவலர் தம்மவரையே அந்நியர் என்று எண்ணிவிட்டால் என்ன நேரும்? பெம்ஃபிகஸ் என்ற நோய் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இதில் வாயிலும் உடலிலும் நீர்க் கொப்புளங்கள் தோன்றி, உடைந்து, ஆறாத புண்களாகும். கார்டிசோன் வகை மருந்துகள் 1950களில் வருவதற்கு முன், இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இறந்துபோயினர்.

1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பாய்ட்னர், ராபர்ட் ஜோர்டன் என்ற இருவர், நோயாளிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டனர். எதிர்ப்பொருள்கள் என்பவை, கிருமிகளைப் பற்றிக்கொள்வதற்காக நம் உடல் உண்டாக்கும் புரதங்கள். ஆனால் இந்நோயாளிகளிடம் அவை தோலின் செல்களையே சூழ்ந்து பற்றியிருந்தன. ஒளிரும் சாயம் இட்டுப் பார்த்தபோது, செல்களைச் சுற்றி வலை பின்னியதுபோல் பிரகாசித்தன.

அவை செல்லின் எந்தப் பொருளைப் பற்றுகின்றன என்பதை அறிய வேண்டுமே! இந்த வேலையைக் காட்ஸின் பிரிவில் ஜான் ஸ்டான்லி என்பவர் எடுத்துக்கொண்டார். 1982இல் அவரும் காட்ஸ் முதலியோரும், எதிர்ப்பொருள் பற்றும் புரதத்தை, கண்ணாடிக் கலத்தில் வளர்த்த தோல் செல்களில் இனம் கண்டனர். 1991இல் ஸ்டான்லியும் ஜப்பானிலிருந்து வந்த மசாயுகி அமகாயும் அப்புரதத்தின் மரபணுவையே பிரித்தெடுத்தனர். இன்று அதற்கு டெஸ்மோக்ளீன் 3 என்று பெயர்.

சுவரில் செங்கற்களைச் சாந்து இணைப்பதுபோல, தோலின் செல்களை ஒன்றோடொன்று இணைப்பது இப்புரதம். எதிர்ப்பொருள் அதனைத் தாக்கினால் சாந்து உதிர்கிறது, செங்கற்கள் விலகுகின்றன, இடையில் நீர் தேங்கிக் கொப்புளமாகிறது. காரணம் தெளிவானதும் ஒரு செய்தி ஐயமறத் தெரிந்துவிட்டது: இந்நோய் கிருமியால் வருவதன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று.

வேலிக்குள் களை

இனிப் புற்றுநோயைப் பார்ப்போம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோல் செல்லின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வில் சிதைவுகளை உண்டாக்குகின்றன. செல் அவற்றை நாள்தோறும் பழுது பார்த்துக்கொள்கிறது. பழுது பார்க்கும் சக்தியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அந்நோய்க்கு ஸெரோடெர்மா பிக்மென்டோசம் என்று பெயர். அதன் காரணத்தை 1968இல் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். அக்குழந்தைகளுக்குப் பகல் வெளிச்சமே பகை. பள்ளி செல்லும் வயதிலேயே தோலில் புற்றுநோய் தோன்றிவிடும்.

காட்ஸ் பணியாற்றிய அதே நிறுவனத்தில் கென்னத் க்ரேமர் முதலியோர் இந்நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தனர். ஐந்து நோயாளிகளுக்கு வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை இரண்டு ஆண்டுகள் கொடுத்து, 1988இல் முடிவை வெளியிட்டனர். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் ஐவருக்கும் சேர்த்து 121 கட்டிகள் தோன்றியிருந்தன. மருந்து உண்ட இரண்டு ஆண்டுகளில் 25 மட்டுமே தோன்றின. மருந்தை நிறுத்தியதும் கட்டிகள் மீண்டும் பெருகின. மருந்தினால் வேறு தொல்லைகளும் இருந்தன. ஆயினும் தோல் புற்றுநோயை முளைக்குமுன் தடுக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று ஆயிற்று.

ஒரே கேள்வியின் இரு முகங்கள்

கொப்புள நோய்க்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கலாம். இரண்டிலும் உள்ள கேள்வி ஒன்றே: நம்முடையது எது, அந்நியமானது எது என்று உடல் எவ்வாறு அறிகிறது? காவல் அளவு மீறினால் நம் தோலையே தாக்கும். காவல் தளர்ந்தால் புற்றுநோய்ச் செல் தப்பிப் பிழைக்கும்.

இதற்கு மருந்துகளே சாட்சி. 1997இல் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்காக அனுமதிக்கப்பட்ட ரிடுக்ஸிமாப் என்ற மருந்து, எதிர்ப்பொருள் உண்டாக்கும் செல்களின் மூலத்தையே குறைக்கிறது. அதே மருந்து 2018இல் பெம்ஃபிகஸ் நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறுபுறம், மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய்க்கு 2011இல் வந்த இபிலிமுமாப் என்ற மருந்து, எதிர்ப்புச் சக்தியின் கடிவாளத்தைத் தளர்த்திப் புற்றின்மீது ஏவுகிறது. இத்தகைய மருந்து பெற்றவர்களில் சிலருக்கு உடலில் வெண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. சிலருக்குக் கொப்புளங்களும் வருவதுண்டு. களையைப் பிடுங்க ஏவிய கை, பயிரையும் சிறிது தீண்டிவிடுகிறது! இவ்வழியைக் காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காட்ஸ் 1995இல் மூட்டு, தசை, தோல் நோய்களுக்கான அமெரிக்க தேசிய நிறுவனத்தின் இயக்குநரானார். 2018 டிசம்பரில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். மேலே சொன்ன கண்டுபிடிப்புகளைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றில் பல தனி ஒருவருடையவை அல்ல. ஆஸ்திரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த இளைஞர்களுக்கு இடம் கொடுத்து, அவர்களோடு உழைத்து, அவர்களை வளர்த்து அனுப்பியதும் அவர் ஆற்றிய பெரும் பணியே. அப்படிச் சென்றவர்கள் தத்தம் நாடுகளில் பேராசிரியர்களாகி வேறு பலரை வளர்த்தனர்.

நாம் செய்யக் கூடியவை

இவற்றைப் படித்து வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. வாயிலோ தோலிலோ உள்ள புண் பல வாரங்களாகியும் ஆறவில்லை என்றாலும், மச்சம் ஒன்று நிறமோ உருவமோ மாறி வளர்ந்தாலும், உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ புதிதாகக் கறுப்பு தோன்றினாலும், காரணமின்றிக் கொப்புளங்கள் எழும்பினாலும், கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மையே. ஆனால் வரவே வராது என்பது தவறு. உள்ளங்கால், உள்ளங்கை, நகம் போன்ற இடங்களில் அது நமக்கும் வரக்கூடும்.

மற்றொன்று, மருந்துக் கடையில் கிடைக்காதது. வெண்புள்ளிகளை வெண்குஷ்டம் என்று அழைத்து, அவை உள்ள பெண்களை மணவறையிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் ஒதுக்கி வைத்த வீடுகள் பல. அதற்கும் குஷ்ட நோய்க்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அதுவும் எதிர்ப்புச் சக்தியின் பிழையால் நிறம் தரும் செல்கள் அழிவதே, தொட்டால் ஒட்டாது. குஷ்ட நோயும் இன்று மருந்துகளால் முற்றிலும் குணமாகக் கூடியதே. தோல் நோய் மறைக்க முடியாத நோய். ஆகையால் நோயின் வலியோடு பிறர் பார்வையின் வலியும் சேர்ந்துகொள்கிறது. வெட்கத்தால் பலர் மருத்துவரிடம் போகத் தாமதிக்கின்றனர். அத்தாமதமே நோயைக் கடுமையாக்குகிறது.

நம் வகுப்பில் ஒரு தோழியின் கையில் வெண்புள்ளியோ, கொப்புளத்தின் வடுவோ இருந்தால், அவள் அருகில் அமர்வோம். அவளோடு உணவைப் பகிர்ந்துகொள்வோம். அறிவியல் நமக்குக் கற்றுத் தந்ததை நாம் செய்து காட்டுவதற்கு நுண்பெருக்கி தேவையில்லை. நம்மில் சிலர் நாளை மருத்துவராகலாம், ஆராய்ச்சியாளராகலாம். அதற்கு முன்பாகவே இப்பணியில் நம் பங்கை இன்றே தொடங்கிவிடலாம்.