மருந்துகளில் பசையம்

மருந்துகளில் பசையம் என்பது, மாத்திரை, உறைமாத்திரை முதலியவற்றில் சேர்க்கப்படும் துணைப்பொருட்கள் வழியாக உடலினுள் செல்லக்கூடிய குளூட்டன் என்னும் புரதத்தைக் குறிக்கும். இது கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ளது. சீலியாக் நோய் உடையோர் இதனை உட்கொண்டால், அவர்களது நோயெதிர்ப்புத் தொகுதி சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. வாழ்நாள் முழுதும் பசையத்தைத் தவிர்ப்பதே இதற்குரிய சிகிச்சை. ஆகவே, உணவில் காட்டும் கவனத்தை மருந்திலும் காட்ட வேண்டுமா என்னும் வினா எழுகிறது.

துணைப்பொருட்கள்

ஒரு மாத்திரையில் நோய் தீர்க்கும் பொருள் சில மில்லிகிராம் மட்டுமே இருக்கலாம். எஞ்சியவை பருமனைக் கூட்டவும், தூளைப் பிணைக்கவும், வயிற்றினுள் மாத்திரை உடையவும் சேர்க்கப்படுபவை. மாப்பொருள் இம்மூன்று வேலைகளையும் செய்யும். அது பெரும்பாலும் மக்காச்சோளம் அல்லது உருளைக்கிழங்கிலிருந்து பெறப்படுகிறது, கோதுமையிலிருந்தும் பெறப்படுவதுண்டு. லாக்டோசு, செல்லுலோசு, மக்னீசியம் இசுட்டியரேட்டு ஆகியவற்றின் பெயர்கள் அச்சமூட்டினாலும் அவற்றில் பசையம் இல்லை. மூலம் கூறாது 'மாப்பொருள்' என்று மட்டும் குறிக்கப்படும்போதே ஐயம் தோன்றுகிறது.

அளவு

கோதுமை மாப்பொருளைப் பிரித்தெடுக்கையில் புரதத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரில் வெளியிட்ட வரைவு வழிகாட்டலின்படி, கோதுமை மாப்பொருள் சேர்ந்த ஒரு மாத்திரையில்கூட 0.5 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருக்க வாய்ப்பில்லை. ஒப்பீட்டுக்கு, 'பசையமற்றது' எனப் பெயரிடப்படும் உணவில் மில்லியனில் 20 பங்கு வரை அனுமதி உண்டு. அத்தகைய 30 கிராம் உணவில் 0.6 மில்லிகிராம் இருக்கலாம். 2007 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், நாள்தோறும் 50 மில்லிகிராம் வீதம் 90 நாட்கள் உட்கொண்டோரின் குடற்சவ்வு பாதிப்புற்றது. அவர்களுக்குப் பசையம் உறைமாத்திரைகளிலேயே கொடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டமும் நடைமுறையும்

ஐக்கிய அமெரிக்காவில் 2004 இல் இயற்றப்பட்ட ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிய சட்டம் உணவில் கோதுமையைக் குறிப்பிடக் கட்டாயப்படுத்துகிறது. மருத்துவர் சீட்டு மருந்துகளை அது கட்டுப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ மருந்திலுள்ள கோதுமை மாப்பொருளை உறையில் குறிப்பிட வேண்டும்.

உண்மையான இடர் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. சத்துகள் உறிஞ்சப்படாமையால் இந்நோயாளர் பலருக்கு இரும்பு, போலிக் அமிலம், உயிர்ச்சத்து டி ஆகியன தேவைப்படுகின்றன. ஐயத்தினால் அவற்றைத் தாமாக நிறுத்துவது, அம்மாத்திரையில் இருக்கக்கூடிய பசையத்தைவிடக் கூடிய தீங்கு தரலாம். ஐயமிருப்பின், மாப்பொருளின் மூலத்தை மருந்தாளரிடமோ தயாரிப்பாளரிடமோ கேட்டறியலாம். ஒரே மருந்தாயினும் தயாரிப்பாளர் மாறினால் துணைப்பொருட்களும் மாறக்கூடுமாதலால், அப்போது மீண்டும் கேட்பது நன்று.

புதிய மாத்திரைக்குப் பின் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் அதற்குப் பசையமே காரணம் என்று கொள்ள இயலாது. சிதைந்த குடலில் லாக்டேசு நொதி குறைந்திருக்குமாதலால் லாக்டோசும், பாகு மருந்துகளில் உள்ள சோர்பிட்டாலும் இதே அறிகுறியைத் தோற்றுவிக்கும்.